மங்காத காப்பு

அத்தியாயம் 5

"கண்ணால பார்த்தவங்க வேணும் உமா. கேள்விப்பட்டவங்க எனக்கு லாரி லாரியா இருக்காங்க" என்றார் வழக்கறிஞர் ஜெயகிருஷ்ணன்.

திங்கட்கிழமை தூத்துக்குடி மகளிர் நீதிமன்றத்தில் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட கிருஷ்ணகுமார் தரப்புச் சாட்சிகளின் விசாரணை தொடங்க இருந்தது. அதற்குள் கிருஷ்ணகுமாரைச் சம்பவ நேரத்தில் அவனுடைய ஊரில் நேருக்கு நேர் பார்த்த ஒருவரையாவது கண்டுபிடித்துத் தர வேண்டும். உமாதேவிக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான்.

உமாதேவி முன்பு காவல் துறையில் இருந்தவள். வேலையை விட்டபின் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே, மாடியறையில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். உதவியாளன் பூவனலிங்கம் அதற்கு முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தொழில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்பான். முன்பு மாப்பிள்ளையை நல்லவனாகக் காட்டினான், இப்போது நல்லவன்தானா என்று பார்க்கிறான்.

வழக்கு இது. எட்டயபுரம் சாலையை ஒட்டிய ஒரு தீப்பெட்டி ஆலையில் கிருஷ்ணகுமார் மேற்பார்வையாளன். போன பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மற்றவர்கள் எல்லோரும் போனபிறகு, பெட்டி அடைக்கும் பெண் ஒருத்தியைத் தீக்குச்சிக் கட்டுகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான் என்பது புகார். புகார் இரண்டு நாள் கழித்துக் கொடுக்கப்பட்டது. தனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்ணை அதிகாரத்தில் இருப்பவன் பலாத்காரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் பத்து வருடக் கடுங்காவலுக்குக் குறையாது, ஆயுள்வரை போகலாம். அதையும் கூட்டிச் சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்திருந்தார்கள். கிருஷ்ணகுமார் எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறான்.

இப்படிப்பட்ட வழக்கில் சாதாரணமாக எடுக்கிற வாதம், அவள் சம்மதித்தாள் என்பது. இங்கே அந்தக் கதவு அடைபட்டிருந்தது. மேலதிகாரி மீதான குற்றச்சாட்டில், உறவு நடந்தது நிரூபணமானபின் 'நான் சம்மதிக்கவில்லை' என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எனவே ஜெயகிருஷ்ணனுக்கு மிஞ்சியது ஒரே வாதம்: அவன் அங்கே இல்லவே இல்லை. அதை நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியுடையதுதான்.

வாதம் ஜெயித்துவிட்டால் அந்தப் பெண்ணின் நிலை என்ன என்பது உமாதேவிக்குத் தெரியும். ஆலை அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. புருஷன் வீட்டார் தீர்ப்பு வரட்டும் என்று அவளைப் பிறந்த வீட்டில் விட்டுவைத்திருக்கிறார்கள். அவன் அங்கே இல்லை என்று நீதிமன்றம் சொன்ன மறுநாள், பொய் வழக்குப் போட்டதற்காக அவள்மேல் வழக்குத் தொடுக்கக் கிருஷ்ணகுமாரின் மாமன் வக்காலத்துத் தாள் வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

அவளுடைய சாட்சியத்தில் ஒரு இடம் உமாதேவியின் மனதில் முள்ளாய்க் கிடந்தது. அவன் கையில் கோயில் காப்பு கட்டியிருந்தான் என்றும், 'சாமி காப்பு கட்டின கையோட இப்படிச் செய்யுதீங்களே' என்று அதைப் பிடித்து இழுத்தபோது அறுந்து தன் கையோடு வந்துவிட்டது என்றும் அவள் சொல்லியிருந்தாள். காப்பு எங்கே என்று ஜெயகிருஷ்ணன் குறுக்கு விசாரணையில் கேட்டார். அம்மன் கயிற்றைத் தரையில் போடப் பயந்து, வீட்டுக்குப் போகிற வழியில் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனேன் என்றாள். காவலர்கள் போய்ப் பார்த்தபோது அந்த மரத்தில் வேண்டுதல் கயிறுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வழக்கின் ஒரே தடயத்தை அவளே சாமிக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

ஸ்கூட்டர் எட்டயபுரம் சாலையில் திரும்பும்போது பூவனலிங்கம் பின்னாலிருந்து கேட்டான்.

"அக்கா, நாம நிக்கிற பக்கம் சரியான பக்கமா?"

"அவன் செய்யலைன்னா?"

"செஞ்சிருந்தா?"

"பார்க்கத்தானலே போறோம்" என்றாள் உமாதேவி.

கிருஷ்ணகுமாரின் ஊரான ஓடைக்கரைப்பட்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் ஸ்கூட்டரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரிசலில் நடந்தார்கள். ஒவ்வொரு காலும் ஒரு படி மண்ணோடு எழுந்தது. கோவில்பட்டியில் ஒரு சென்ட் நிலம் வாங்க வக்கில்லாதவன் இங்கே இலவசமாகவே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான் பூவனலிங்கம்.

ஊரில் எல்லோரும் உட்காரவைத்துப் பேசினார்கள். யாரும் ஒளிக்கவில்லை. ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின செவ்வாய் காப்புக் கட்டு, அடுத்த செவ்வாய் பொங்கல். அக்கினிச்சட்டி எடுக்கிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டால் இடையில் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் தலைக்குக் குளிக்க வேண்டும், செருப்புப் போடக் கூடாது. கிருஷ்ணகுமார் அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர் முன்னிலையில் காப்புக் கட்டினான். இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

டீக்கடை ராஜபாண்டி நீதிமன்றத்துக்கு வந்து சத்தியமே செய்யத் தயார் என்றார். உமாதேவி மற்றவர்களிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டாள்.

"சனிக்கிழமை பொழுது அடையிற நேரம் நீங்க அவரைப் பார்த்தீங்களா அண்ணாச்சி?"

"காப்புக் கட்டினவன் எங்கம்மா போவான்?"

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமாக்கும்? காப்புக் கட்டியிருந்தான்லா."

பூவனலிங்கம் டீயை உறிஞ்சிக்கொண்டே உமாதேவியின் காதுப் பக்கம் சாய்ந்தான். "பள்ளிக்கூடத்துல இத்தனை பேரு ஒரே விடை எழுதினா, வாத்தியார் அத்தனை பேருக்கும் முட்டை போடுவாருக்கா."

"இவிய யாரும் காப்பி அடிக்கல. நம்புதாங்க. அதுதான் சங்கடம்."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் பார்க்கவும் இல்லை. காப்பைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடை நிழலில் உட்கார்ந்து, ஜெயகிருஷ்ணன் கொடுத்திருந்த திருவிழா வீடியோவைப் பூவனலிங்கம் செல்போனில் ஓடவிட்டான். பொங்கல் செவ்வாயன்று நடந்த சட்டி ஊர்வலத்தை உள்ளூர் ஸ்டுடியோக்காரர் எடுத்தது. கிருஷ்ணகுமாரின் மணிக்கட்டில் காப்பு பளிச்சென்று தெரிகிறது என்பதற்காகவே வழக்கறிஞர் அதை எடுத்து வைத்திருந்தார். வீடியோவில் அவன் மஞ்சள் வேட்டியோடு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு, சட்டி எடுத்தவர்களின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான்.

பூவனலிங்கம் படத்தைப் பெரிதாக்கினான். வீடியோக்காரனின் புத்தி போகவில்லை. கலர் சரியில்லை, ஸ்டுடியோக்காரன் அவசரத்தில் ஏதோ பண்ணியிருக்கிறான் என்று முணுமுணுத்தான். பிறகு சிரித்தான்.

"அக்கா, இங்க பாருங்க. மத்தவங்க எல்லாம் ரெண்டு வேளையும் ஒழுங்காக் குளிச்சிருக்காங்க. காப்பு வெளுத்து மாட்டுக்கயிறு மாதிரி ஆயிருச்சு. நம்ம ஆளு ஒரு வாரமா உடம்புல தண்ணியே காட்டல போல. கட்டின மஞ்சள் அப்படியே இருக்கு."

உமாதேவி செல்போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

ஒவ்வொரு மணிக்கட்டாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. வெளுத்து, திரிந்து, அழுக்கேறிய கயிறுகள். கிருஷ்ணகுமாரின் கையில் மட்டும் புத்தம்புது மஞ்சள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"குளிக்கலைன்னு சும்மா..."

"குளிச்சிருக்கான் பூவா. கயிறுதான் புதுசு." அவள் மெதுவாகச் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை கட்டினது இது இல்ல. இடையில வேற கட்டியிருக்காங்க. அப்புறம், சட்டி எடுக்கத்தானே காப்புக் கட்டினான்? ஏன் கையில குடம் இருக்கு?"

பூவனலிங்கம் செல்போனைத் திரும்ப வாங்கி ஊர்வலத்தின் கடைசிவரை ஓடவிட்டான். கடைசியாக வந்த சட்டியை ஒரு வயதான பெண் ஏந்தியிருந்தாள். நடை தள்ளாடியது. அவள் கையிலும் புது மஞ்சள் காப்பு. ராஜபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அது கிருஷ்ணகுமாரின் தாய் சுந்தரம்மாள் என்றார் அவர். மகன் கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்டு அந்தத் தடவை அவளே எடுத்தாள், உள்ளங்கை வெந்து ஒரு மாதம் கஞ்சியைக்கூடக் கரண்டியால்தான் குடித்தாள், பாவம் என்றார்.

சுந்தரம்மாள் எதிரித் தரப்பின் முதல் சாட்சி.

அவள் ஊர்க் கோடியில் ஆட்டுத் தொழுவத்தில் இருந்தாள். குளம்பு புண்ணான ஒரு குட்டியை மடியில் கிடத்தி, வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மகனுடைய வக்கீல் அனுப்பி வந்திருப்பதாக உமாதேவி சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாமென்று சொல்லிவிட்டு உமாதேவியும் தரையில் உட்கார்ந்தாள். பூவனலிங்கம் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அம்மா, பொங்கலுக்கு நீங்க என்னைக்குக் காப்புக் கட்டினீங்க?"

சுந்தரம்மாளின் கை நின்றது. ஊரோடு சேர்ந்து செவ்வாய்க்கிழமை என்று சொன்னாள். சொல்லும்போதே குட்டியைப் பார்த்தாள். உமாதேவி வீடியோவை எடுத்துக் காட்டவில்லை. இரண்டு காப்புகள் மட்டும் வெளுக்காமல் இருக்கின்றன என்பதை மட்டும் சொன்னாள்.

அவள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அவனுக்குக் கோர்ட்டு மேல பயம் இருந்துதோ என்னமோ, எனக்கு ஆத்தா மேல பயம்" என்றாள் சுந்தரம்மாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று மகன் பைக்கை எடுத்தான். எல்லை தாண்டாதே என்று தடுத்தாள். ஓடை வழியாகப் போனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று போய்விட்டான். விளக்கு வைத்தபிறகு வந்தபோது கையில் காப்பு இல்லை. பைக்கில் மாட்டி அறுந்துவிட்டது என்றான். அவள் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே பூசாரி இசக்கியப்பனிடம் போய், தொழுவத்தில் வேலை செய்யும்போது அறுந்ததாகச் சொல்லி, மகனுக்கு மறுகாப்புக் கட்ட வைத்தாள். எல்லை தாண்டினவன் சட்டி எடுத்தால் ஆத்தா விடமாட்டாள் என்று, அவனுக்குப் பதில் தானே எடுப்பதற்காகத் தனக்கும் ஒரு காப்புக் கட்டிக்கொண்டாள்.

"அப்புறம் போலீஸ் வந்துச்சு. பைக்குல மாட்டித்தான் அறுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லுதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. நானும் சொன்னேன்."

வக்கீல் தன்னை என்ன சொல்லச் சொல்லுகிறார் என்று கேட்டாள். அன்று சாயங்காலம் மகன் வீட்டில் இருந்தான் என்று சொல்லச் சொல்லுகிறார் என்றாள் உமாதேவி. சத்தியம் செய்து பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஏழு வருடம்வரை தண்டனை உண்டு என்றாள் உமாதேவி. அது பெரிதில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"அறுந்த காப்பைப் பத்தி அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

உமாதேவி தயங்கினாள். அதைச் சொல்வது அவள் வேலையில் சேராது. ஆனால் கேட்டவள் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறவள். அவன் கையிலிருந்து தான் இழுத்ததில் அறுந்தது என்று அந்தப் பெண் சொன்னதையும், கீழே போடப் பயந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனதையும் சொன்னாள்.

சுந்தரம்மாள் தழும்பேறிய உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுக்கு அப்புறமுமா அவ அதைக் கீழ போடல?"

பூவனலிங்கம் வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குட்டியை இறக்கிவிட்டு, கையைக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வக்கீலிடம் தானே பேச வேண்டும் என்றாள். சாலைவரை செருப்பில்லாமல் நடந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் அவள் ஏறிக்கொள்ள, பூவனலிங்கம் மினி பஸ் பிடித்து வந்து சேர்ந்தான்.

ஜெயகிருஷ்ணனின் அலுவலகத்தில் சுந்தரம்மாளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உமாதேவியும் பூவனலிங்கமும் உள்ளே போனார்கள். கதவு வழக்கம்போல் திறந்தே கிடந்தது. உமாதேவி நடந்ததை வரிசையாகச் சொன்னாள். வீடியோவை அவர் தானே ஒருமுறை பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல வேலை செஞ்சிருக்கே. திங்கக்கிழமை இதோட போய் நின்னிருந்தா அசிங்கப்பட்டிருப்பேன்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க சார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. சாட்சிப் பட்டியலிலிருந்து சுந்தரம்மாளின் பெயரை எடுத்துவிடுவார். வீடியோவைத் தாக்கல் செய்ய மாட்டார். ராஜபாண்டியும் ஊர்க்காரர்களும் வந்து, காப்புக் கட்டியவன் எல்லை தாண்டமாட்டான் என்று சொல்வார்கள். அவ்வளவு போதும்.

"அவங்க யாரும் அவனைப் பார்க்கல சார்."

"பார்த்தீங்களான்னு அரசு வக்கீல் கேக்கட்டும். கேக்க வேண்டியது அவர் வேலை. நான் யாரையும் பொய் சொல்ல வைக்கல உமா. நம்புறதைச் சொல்லப் போறாங்க."

"அந்தப் பொண்ணு?"

"நான் அந்தப் பொண்ணுக்கு வக்கீல் இல்லை. இவனுக்கு வக்கீல்." அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. "நீங்க ரெண்டு பேரும் இந்த வழக்குல என் அலுவலக ஆளுங்க. இங்க தெரிஞ்சது இந்த அறையைத் தாண்டக் கூடாது. சட்டம் உனக்குத் தெரியும்."

தெரியும். காலையில் டீக்கடையில் அவள் கண்ட அதே சங்கடம் இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூடப் பொய் சொல்லாமல் ஒரு பொய்யை ஜெயிக்க வைத்துவிடலாம். அதற்குத் தேவையான கடைசித் தகவலைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

அக்கா, போயிரலாம் என்று பூவனலிங்கம் வாசல் பக்கம் திரும்பினான்.

அப்போதுதான் வாசலில் சுந்தரம்மாள் நிற்பதைக் கண்டார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"என் பேரை எடுக்காதிய ஐயா."

ஜெயகிருஷ்ணன் எழுந்துவிட்டார். உட்காரும்படி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அவள் வந்து சொன்னால் மகன் வெளியே வரவே மாட்டான் என்பதை அவர் பொறுமையாக, வருடக் கணக்கோடு எடுத்துச் சொன்னார். அவளை யாரும் கேட்கப் போவதில்லை, அவள் பேசாமல் வீட்டில் இருந்தால் போதும், அதில் ஒரு பாவமும் இல்லை என்றார்.

"எட்டு மாசமாப் பேசாமத்தான் ஐயா இருந்தேன்" என்றாள் சுந்தரம்மாள். "நீங்க என்னைக் கூப்பிடலைன்னா அந்தப் பிள்ளைக்குப் பேசுத வக்கீலு கூப்பிடுவாருல்லா?"

"அவருக்கு உங்களைத் தெரியாதும்மா."

"நான் போய்ச் சொன்னாத் தெரியும்."

அவர் உமாதேவியைப் பார்த்தார். நீ சொல்லு என்ற பார்வை. உமாதேவி அவரைப் பார்த்தே பதில் சொன்னாள். தானும் பூவனலிங்கமும் அவர் ஆட்கள், வாய் திறக்க முடியாது. இந்த அம்மா யாருடைய ஆளும் இல்லை. அந்த அம்மா கண்ணால் பார்த்தது அந்த அம்மாவுக்கே சொந்தம்.

"கண்ணால பார்த்த சாட்சி கேட்டீங்க சார்" என்றான் பூவனலிங்கம். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

சுந்தரம்மாள் படியில் இறங்கினாள். உமாதேவி கூடவே படிவரை வந்தாள். அதற்கு மேல் வர அவளுக்கு உரிமை இல்லை என்பது அந்தத் தாய்க்கும் புரிந்திருக்க வேண்டும், கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் புகாரை விசாரித்த மகளிர் காவல் நிலையம் எங்கே என்று உமாதேவியிடம் கேட்கவில்லை. அதை எதிர்க்கடையில் கேட்டுக்கொள்ளலாம். வேறொன்றைக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை பேரு என்னம்மா? இத்தனை மாசத்துல எங்க வீட்டுல யாருமே அவ பேரைச் சொன்னதில்ல."

"அதை வெளியே சொல்லக் கூடாதும்மா. சட்டம்."

அவள் சேலை முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, வேண்டாம். நான் யாருக்குத் தாயின்னு சொல்லுதேன். அவியளுக்கே புரியும்."

சாலையைக் கடந்து, எதிர்க்கடைக்காரரிடம் வழி கேட்டாள். அவர் கை நீட்டிக் காட்டிய பக்கம் திரும்பி, ஒருமுறை நின்றாள். பிறகு நடந்தாள்.